டிசம்பரில சீசன் எண்டுறாங்கள், அலை அடிக்கிறது ஜூன்ல: கொழும்புக் கரையில எப்ப போர்டைத் தூக்கிறது?

2024 ஜூன் 9

தெஹிவளையில இருந்து ஒரு தம்பி கேட்டது: "எங்க தேடிப் பாத்தாலும் மேற்கு, தெற்குக் கரைக்கு சேர்ஃபிங் சீசன் நவம்பர் துடக்கம் ஏப்ரல் மட்டும் எண்டு தான் கிடக்கு. நான் தினம் கரையோர ட்ரெயின்ல கோட்டைக்கு வேலைக்குப் போறனான். டிசம்பர், ஜனவரியில கடல் குளம் மாதிரி கிடக்கும். இப்ப பாத்தா வெள்ளவத்தையில யன்னலுக்குள்ளால தண்ணி அடிக்குது. அலை இருக்கேக்க சீசன் இல்லை, அலை இல்லாதபோது சீசன். இது வெள்ளைக்காரருக்கு ரூம் விக்கிறதுக்குக் கட்டின கதை தானே?"

2024 ஜூன் 9, இரவு

கதை இல்லை தம்பி. ஆனா நீங்க கண்ணால கண்டதும் உண்மை தான். அலையும் காத்தும் ரெண்டு தனி விசயம், ரெண்டையும் ஒண்டாக் கட்டிப் பாக்கிறதால தான் தலை சுத்துது.

முதல் அலை. தெய்வேந்திரமுனையில நிண்டு நேர தெற்கால பாத்தா அந்தாட்டிக்கா மட்டும் இடையில ஒரு துண்டு நிலம் கிடையாது. அங்க கீழ, தெற்கு அகலக்கோடு 40 பாகை தாண்டினா வருசம் முழுக்கப் புயல் தான், அதிலயும் எங்கட ஜூன் ஜூலை அங்க குளிர்காலம், இன்னும் மோசமா அடிக்கும். அந்தப் புயல் கிளப்பின அலை ஓடி ஓடி வரேக்க ஒழுங்காகி, ஒண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில 14, 15 செக்கன் இடைவெளியோட எங்களிட்ட வந்து சேருது. அப்பிடியான அலைக்கூட்டம் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1000 கிலோமீட்டர் ஓடும், ஆக இண்டைக்கு நீங்க காணுறது ஐஞ்சாறு நாளுக்கு முதல் நடந்த புயலின்ர அலை. ஏப்ரல்ல இருந்து செப்டெம்பர் மட்டும் இது பெரிசா வரும், ஹோட்டல்காரர் என்ன சொன்னாலும் சரி.

இப்ப காத்து. மே பாதியில சோளகம், அதாவது தென்மேற்குக் காத்து, பிடிச்சுதெண்டா கடல் பக்கத்தில இருந்து கரைக்கு நேரா அடிக்கும். வந்த நல்ல அலையின்ர முகத்தை நசுக்கும், அது காணாதெண்டு தானும் ஒரு அலையைக் கிளப்பும், ஆறு ஏழு செக்கனுக்கு ஒண்டு, ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி விழும். பெரிய அலை இருக்கு, ஏற ஒரு அலை இல்லை. டிசம்பரில வாடை வடகிழக்கில இருந்து நாட்டைத் தாண்டி வருது, அதாவது எங்கட கரையில தரையில இருந்து கடலுக்கு. அந்தக் காத்து அலையின்ர முகத்தைப் பிடிச்சு நிப்பாட்டும், உடையிறதுக்கு முதல் வடிவா ஒரு சுவர் கிடைக்கும். அலை சின்னன், ஆனா சுத்தம். அது தான் சீசன் எண்டுறது.

பிறகேன் டிசம்பரில வெள்ளவத்தையில ஒண்டும் இல்லை எண்டா, வெலிகம, மிதிகம எல்லாம் தெற்கைப் பாத்த கரை, சின்ன அலையும் நேர வந்து விழும். நாங்கள் மேற்கைப் பாத்துக் கொண்டு இருக்கிறம். தெற்கில இருந்து வாற அலை வளைஞ்சு தான் எங்களிட்ட வரவேணும், வளைஞ்சு வந்து சேரேக்க மிச்சம் ஒண்டும் இருக்காது.

2024 ஜூன் 10

"அப்ப இப்ப வெள்ளவத்தையில இறங்கிப் பாக்கலாமா?"

இல்லை. வேண்டாம். ட்ரெயின் பாதையைக் காப்பாத்தப் போட்ட கருங்கல்லு முழுக்க அங்க தான் கிடக்கு. அலை கல்லில அடிச்சுத் திரும்பி வந்து அடுத்த அலையோட மோதும், அதுக்கு நடுவில போர்டோட நிக்கிறவன்ர கதி என்ன எண்டு யோசியுங்கோ. கால்வாய் வாய்த் தண்ணியைப் பற்றி பிறகு எழுதுறன், சாப்பாட்டு நேரத்தில வேண்டாம்.

2024 ஜூன் 16

ஒரு ஆள் போன்ல இருந்து எடுத்த படம் போட்டு "இண்டைக்கு 2 மீட்டர் காட்டுது, கல்கிசைக்குப் போறம்" எண்டு எழுதியிருந்தார். உயரத்தை மட்டும் பாத்திட்டு வெளிக்கிடாதேங்கோ. முதல் பாக்க வேண்டியது செக்கன். 2 மீட்டர் 7 செக்கன் எண்டா அது சோளகம் கிளப்பின குப்பை. 1 மீட்டர் 15 செக்கன் எண்டு காட்டினா உடன லீவு போடுங்கோ. இடைவெளி கூடின அலை ஆழத்துக்கும் அசையும், அதால அடி மேடாகேக்க வேளைக்கே நிலத்தை உணர்ந்து எழும்பும், 1 மீட்டர் எண்டு காட்டினது ஆள் உயரத்துக்கு வந்து நிக்கும். அடுத்தது காத்து எந்தப் பக்கம். உயரம் மூண்டாவது தான்.

மேஜிக்சீவீட் எண்டு அலை முன்கூட்டிச் சொல்லுற இணையத்தளம் இருந்த காலத்தில நட்சத்திரம் போட்டுக் காட்டுவாங்கள், பாத்தவுடன விளங்கும். 2023ல அதை சேர்ஃப்லைன் எண்ட மற்றத் தளத்தோட சேத்திட்டாங்கள். இப்ப நான் காத்துக்கு விண்டி, அலைக்கு சேர்ஃப்லைன், எல்லாத்துக்கும் மேல றேடியோச் செய்தி. சிரிக்காதேங்கோ. "புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக மாத்தறை வரையான கடற்பரப்புகள் அவ்வப்போது கொந்தளிப்பாகக் காணப்படும்" எண்டு வாசிச்சா எனக்கு அண்டைக்கு நித்திரை. அந்த வசனத்தில "மாத்தறை ஊடாகப் பொத்துவில் வரை" எண்டு நீட்டினாங்கள் எண்டா கிழக்குக் கரையில இருக்கிற அறுகம்பைக்குப் போற பயணத்தையும் ஒருக்கா யோசிக்க வேணும்.

2024 ஜூலை 7

அறுகம்பையில இருந்து நேற்று விடிய வந்தன். இன்னும் காதுக்குள்ள தண்ணி.

இரவு பஸ்ஸில ஏறினா, பாதிப் பஸ் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர், காவி வேட்டி, வேல், பொட்டலம். மிச்சப் பாதி போர்டோட வெள்ளைக்காரர். எல்லாரும் ஒரே பக்கம் தான் போறம், உகந்தையில முருகன் கோயிலும் இருக்கு, கோயிலுக்கு முன்னால கடலில நல்ல அலையும் இருக்கு. ஒரு அம்மா என்ர போர்ட் பையைத் தடவிப் பாத்திட்டு "இதென்ன தம்பி, காவடியோ?" எண்டு கேட்டா. ஓம் எண்டு சொல்லியிருக்கலாம், நேர்த்தி தானே. கொண்டக்டர் போர்டுக்கும் அரை டிக்கட் எடுத்தார். "அது சீற்றில இருக்கேல்லயே அண்ணை" எண்டு கேட்டதுக்கு "நீங்களும் தான் இருக்கேல்ல, நிண்டு கொண்டு தானே வாறீங்க" எண்டார். நியாயம் தான்.

ஏன் இந்தக் காலம் அங்க நல்லம் எண்டா, எங்களைக் கெடுக்கிற அதே சோளகம் தான். மழையை மலைநாட்டின்ர மேற்குச் சரிவில கொட்டிப் போட்டு, காஞ்ச காத்தா மற்றப் பக்கம் இறங்கும். அங்க அது தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து, கச்சான் எண்டு அங்கத்தை ஆக்கள் சொல்றது. அலை தெற்கில இருந்து வந்து முனையைச் சுத்தி வளைஞ்சு குடாவுக்குள்ள நீளமா உடைஞ்சு கொண்டு போகும், வலப்பக்கமா. நல்ல நாளில கால் நடுங்கும் மட்டும் ஓடலாம். 2019 செப்டெம்பரில உலக சேர்ஃப் லீக்கின்ர தகுதிகாண் போட்டியும் அங்க வைச்சவங்கள்.

ஆனா சொல்ல வேண்டியது சனம். மெயின் பொயின்ற் எண்டுற அந்த முனையில ஆறு மணிக்கே தலைக்கு மேல தலை. உல்லைப் பெடியள், அதாவது அந்த ஊர்ப் பெடியள், பாறைக்குக் கிட்ட, அலை எழும்புற அந்த ஒரு இடத்தில இருப்பாங்கள், அவங்கள் விட்டது தான் மற்றாக்களுக்கு. நான் தமிழ்ல கதைச்சவுடன ஒருத்தன் திரும்பிப் பாத்து "அண்ணன் கொழும்பா? இது வேணாம், குறுக்கால மூடிரும். பின்னால ஒண்டு வருது, அத எடுங்க" எண்டான். எடுத்தன். ரெண்டு பேர் குறுக்க வந்தாங்கள், அது வேற கதை. பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு கடல்காத்து எழும்பினா எல்லாரும் கரையேறி ரொட்டி தின்னப் போவினம், அந்த நேரம் அலை கொஞ்சம் குழம்பினாலும் இடம் இருக்கும். எனக்கு அது காணும்.

2024 ஜூலை 9

"வெள்ளைக்காரர் கண்டுபிடிச்ச சீசன்" எண்டு மேல ஒருத்தர் திரும்பவும் எழுதியிருந்தார். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீன்பிடிக்காரர் சோளகம் தொடங்கினா வள்ளம், வலை, குடும்பத்தோட கிழக்குக் கரைக்குப் போய் வாடி, அதாவது கரையில தங்கிற கொட்டில், போடுறது எத்தினை தலைமுறையா நடக்குது? ஒக்டோபரில திரும்பி வருவினம். நாங்கள் போர்டைத் தூக்கிக் கொண்டு போறதும் வாறதும் அச்சொட்டா அதே கலண்டர் தான். வாடியால வடக்குக் கிழக்கில வந்த சண்டை சச்சரவு எல்லாம் எனக்கும் தெரியும், அதை இங்க இழுக்க வேண்டாம், நான் காத்தைப் பற்றி மட்டும் கதைக்கிறன்.

2024 ஓகஸ்ட் 25

ஒண்டும் இல்லை. கடல் கலங்கல், முழங்காலில புண். அம்மா கேக்கிறா, "இந்த வயசில பிள்ளையள் வீடு கட்டுதுகள், நீ பலகை வாங்கிறாய்."

2024 ஒக்டோபர் 20

இந்த வருசம் கொழும்பில அலை ஏறவேணும் எண்டா இப்ப தான். எழுதாம வைச்சிருந்திருக்கலாம், கல்கிசையில சனம் கூடப் போகுது, பரவாயில்லை.

ஜூன்ல அலை, காத்து எண்டு ரெண்டைப் பற்றி எழுதினனான். யோசிச்சுப் பாத்தா மூண்டாவது ஒண்டும் இருக்கு: அடி. கல்கிசையில பாறை அடி இல்லை, மண். சோளகம் நாலு மாசம் கரையை அரிச்சு அந்த மண்ணைக் கொண்டு போய்க் கொஞ்சம் வெளியில ஒரு திட்டியாக் குவிச்சு வைக்கும். அலை அந்தத் திட்டியில தான் உடையிறது. ஜனவரி, பெப்ரவரியில கடல் அமைதியாக அதே மண் மெல்ல மெல்லக் கரைக்குத் திரும்பும், கடற்கரை அகலும், குடும்பங்களுக்குச் சந்தோசம். எங்களுக்குத் திட்டி போயிடும், அலை கடைசி நிமிசத்தில கரையிலயே பொத்தெண்டு விழுந்து கழுத்தை முறிக்கும். 2020ல அங்க செயற்கையா மண் கொட்டி, அது கண்ணுக்கு முன்னால கரைஞ்சு போய்ப் பேப்பரில எல்லாம் அடிபட்டது ஞாபகம் இருக்கும். அந்தக் கரையில மண் ஒரு இடத்தில இருக்காது.

ஆக ஒக்டோபரில சோளகம் ஓய்ஞ்சிருக்கும், வாடை இன்னும் பிடிச்சிருக்காது, தெற்கில இருந்து கடைசிப் பெரிய அலைகள் வந்து கொண்டிருக்கும், திட்டியும் இருக்கும். விடிய ஐஞ்சே முக்காலுக்குத் தண்ணியில நிக்க வேணும். எட்டரை ஒன்பதுக்குப் பிறகு கடல்காத்து, பின்னேரம் இடி மின்னல். மின்னல் வரேக்க கடலுக்குள்ள ஒருத்தரும் நிக்கக் கூடாது, இதில வீரம் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கல்கிசையில நடந்தது. விடியிற நேரம், ட்ரெயின் பாதையைத் தாண்டி இறங்கினா தண்ணி கண்ணாடிப் பச்சை. இடுப்பளவு அலை, இடைக்கிடை நெஞ்சளவு, மூண்டு வந்தா பிறகு நீளமா ஒரு அமைதி. நான் ஹோட்டல் முனைக்கு வடக்கால கொஞ்சம் தள்ளி இருந்தன். ஒரு அலை திட்டியில ஏறி இடப்பக்கம் உரிஞ்சு கொண்டு போக, எழும்பினன், நின்றன், கீழ மண் ஓடுறது தெரிஞ்சுது, வலப்பக்கத்தால கோட்டைக்குப் போற ட்ரெயின். கதவில தொங்கிக் கொண்டு வந்த ஒருத்தன் கையைக் காட்டி "ஹூ" எண்டு கத்தினான். நானும் கையைக் காட்டப் போய் விழுந்திட்டன். மூக்கு முழுக்க மண், அந்த மண்ணுக்குள்ள இன்னும் அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் மணி. 2021 மே மாசம் கொழும்புக்கு வெளிய எரிஞ்ச எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல்ல இருந்து கொட்டினது. கரையைக் கூட்டிப் பெருக்கினாங்கள் தான், ஆனா மண் புரளேக்க எல்லாம் திரும்ப மேல வரும்.

கால்வாய் பற்றி எழுதுறன் எண்டனான். மழை பெய்தா தெஹிவளை, வெள்ளவத்தைக் கால்வாய்த் தண்ணி முழுக்க நேர கடலுக்கு. நிறத்தைப் பாக்க வேண்டாம், மணமே சொல்லும். பலத்த மழைக்குப் பிறகு ரெண்டு மூண்டு நாள் நான் இறங்கிறேல்ல. ஒருக்கா அவசரப்பட்டு இறங்கின ஒரு சிநேகிதன் காதுக்கு மருந்து விட்டுக் கொண்டு திரிஞ்சான்.

2024 ஒக்டோபர் 27

அறுகம்பைக்கு இனிப் போகலாமா எண்டு கேட்டவருக்கு: சீசன் முடியிற நேரம், அதோட 23ம் திகதி அமெரிக்கத் தூதரகம் அந்தப் பக்கம் போக வேண்டாம் எண்டு அறிவித்தல் விட்டதால சோதனைச்சாவடி, பொலிஸ். எப்பிடியும் வாடை பிடிச்சா அந்தக் கரைக்கு எங்கட ஜூன் மாசம் தான். அடுத்த மே மட்டும் பொறுங்கோ.

2024 டிசம்பர் 1

கிழக்கு முழுக்க வெள்ளம். அலைக் கதை பிறகு.

2024 டிசம்பர் 30

26ம் திகதி சுனாமிக்கு 20 வருசம். எங்கட வீட்டில அண்டைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போறேல்ல, கேக்கிறதும் இல்லை.

நேற்று வெலிகம. கடுவலையில ஹைவேயில ஏறினா காலை உணவுக்கு முதல் போய்ச் சேரலாம், அது தான் வசதி, அது தான் பிரச்சினையும். வளைகுடாவுக்குள்ள வாடகைப் போர்ட் எல்லாம் ஒரே அலையில. ஒரு அலையில பத்துப் பேர் எழும்பி பத்துப் பேரும் ஒருத்தருக்கு மேல ஒருத்தர் விழுகினம். ஆனா பழகிறதுக்கு அதை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது: மண் அடி, குடா மூடினபடியால அலை மெதுவா வரும், விழுந்தா ஒண்டும் ஆகாது. கொஞ்சம் வரத் தொடங்கினா மிதிகமப் பக்கம் தள்ளிப் போங்கோ, லேசி லெஃப்ட் எண்டு பேருக்கேத்த சோம்பேறி அலை, இடப்பக்கம் நீளமா. ராம்ஸ் பக்கம் போகாதேங்கோ, அது பாறை, கெதியா உடையும், எனக்கே பயம்.

"இலங்கையில கடல் வத்துப்பெருக்கு ஒரு மீட்டரும் இல்லை, அதைப் பாக்கத் தேவையில்லை" எண்டு ஒருத்தர். மண் அடியில சரி. ஹிக்கடுவ முருகைக்கல்லுக்கு மேல அரை மீட்டர் குறைஞ்சாலே காலில முள்ளு ஏறும். முள்ளு ஏறினவனைக் கேளுங்கோ அரை மீட்டர் பெரிசோ சின்னனோ எண்டு.

2025 பெப்ரவரி 10

நேற்று ஞாயிறு நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சதாம், அமைச்சரே சொல்லிப் போட்டார். நான் கல்கிசையில நிண்டன். பன்னிரண்டு மணிக்குப் பிறகு சிக்னலும் விட்டு விட்டு, போனில ஒண்டும் வருதில்லை, பக்கத்தில இருந்த பெடியன் "அண்ணா, பின்னேரம் அலை வருமா எண்டு எப்பிடிப் பாக்கிறது?" எண்டு கேட்டான். கடல் முன்னால தான் கிடக்குது. அலை வரேல்ல, சொன்னனே, பெப்ரவரியில திட்டி இல்லை.

2025 மார்ச் 23

நான் எழுதினதை வாசிச்சு, மே, ஜூன் தான் பயப்பட வேண்டிய மாசம் எண்டு யாரும் விளங்கிக் கொள்ளக் கூடாது எண்டதுக்காக இது. எனக்கு அதை விடக் கூடின பயம் ஏப்ரலில. அங்க தெற்கில புயல் பலக்கத் தொடங்கியிருக்கும், இங்க காத்து ஒரு சொட்டும் இல்லை, கடல் எண்ணெய் ஊத்தின கணக்கில பளபளக்கும். பத்து நிமிசம் ஒண்டும் வராது. சனம் பிள்ளையளோட முழங்கால் தண்ணியில நிக்கும். பிறகு 17, 18 செக்கன் இடைவெளியில ஐஞ்சாறு அலை வரிசையா வந்து, உள்ள வந்த தண்ணி எல்லாம் ஒரே இடத்தால வெளிய போகும், அந்த இழுவையில தான் ஆக்கள் போறது. 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டத்தில மருத்துவ மாணவர் ஐஞ்சு பேர் போனதும் இந்த மாதிரி அலையில தான், கள்ளக்கடல், அதாவது சொல்லாமக் கொள்ளாம எழும்புற அலை, எண்டு எச்சரிக்கை அந்த நேரம் இருந்தது. சேர்ஃப் பண்றவனுக்கு அந்த நாள் வருசத்திலயே நல்ல நாள். கரையில நிக்கிறவனுக்கு மோசமான நாள். போர்டோட போறதெண்டா இறங்க முதல் கால் மணித்தியாலம் கரையில குந்தியிருந்து பாருங்கோ, பெரிய வரிசை எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா வருது, எங்க உடையாம தண்ணி வெளிய போகுது எண்டு. உடையாத இடம் அமைதியாத் தெரியும், குளிக்கிற சனம் அங்க தான் இறங்கும். கண்டால் கூப்பிட்டுச் சொல்லுங்கோ, பேச்சு வாங்கினாலும் பரவாயில்லை.

இழுவையில மாட்டினா கரையைப் பாத்து நீந்தாதேங்கோ. கரைக்குச் சமாந்தரமாப் பக்கத்தால போங்கோ, ஏலாட்டி மிதவுங்கோ.

2025 ஏப்ரல் 6

புது ஆள் ஒருத்தர் கேட்டிருக்கிறார்: மகனுக்கு 12 வயசு, நீச்சல் தெரியாது, சித்திரை வருசத்துக்கு வெலிகமக்குக் கூட்டிக் கொண்டு போய்ப் பழக்கலாமா, லைஃப் ஜக்கெற் போடுவினம் தானே.

அண்ணை, இல்லை. முதல் நீச்சல். கொழும்பில நீச்சல் தடாகத்துக்குக் குறைவில்லை, ஒரு வருசம் அங்க விடுங்கோ, 200 மீட்டர் நிக்காம நீந்தி, பிறகு காலைக் கீழ ஊண்டாம மிதந்து நிக்கத் தெரிஞ்சா கூட்டிக் கொண்டு போங்கோ. காலில கட்டின கயிறு அறும், போர்ட் போகும், அப்ப தன்ர கை கால் தான். ஜக்கெற் போட்டா அலைக்குக் கீழ தாழவும் ஏலாது, ஒவ்வொரு அலையும் மூஞ்சையில தான் விழும்.

போறதும் நவம்பரில போங்கோ, வார நாளில. வருசத்துக்கு எண்டு இப்ப வெளிக்கிட்டா ஹைவேயில தான் நிப்பீங்க. போர்ட் வாங்கிக் குடுக்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கோ, ஸ்பொஞ்ச் போர்ட், அவன்ர உயரத்தை விட ரெண்டடி கூட. தலையில அடிச்சாலும் ஸ்பொஞ்ச்.